தாள் எண் 58 என்/15: வரைபடங்களில் நம் கோடியக்கரை

காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலை நம் ஊர். வடக்கேயிருந்து ஏறக்குறைய நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடிமுனையைத் தொட்டதும் மேற்கே மடங்குகிறது. மடங்கும் இடத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, அக்கரையில் யாழ்ப்பாணம். கடலோடியாகட்டும், கரை அளக்க வந்த அதிகாரியாகட்டும், இந்தத் திருப்பத்தைக் குறிக்காமல் ஒரு படத்தை முடிக்க முடியாது. எந்த அரசுக்கும் தலைநகராக இராத, வீடுகளின் எண்ணிக்கையிலும் சிறியதான ஒரு கடலோரக் கிராமம் இத்தனை படங்களில் இடம்பெற்றதற்கு அதுவே காரணம். பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் ஊர் வரலாறு இம்மலரின் வேறு பக்கங்களில் வருகிறது. நில அளவைத் தாள்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கிவைத்து, அவற்றில் நம் ஊர் எப்படி வந்திருக்கிறது என்று சொல்வது இக்கட்டுரையின் பணி.

தாள்களுக்கு முன்பே நம் முனைக்குப் பெயர் உண்டு. கிரேக்கப் புவியியலாளர் தாலமி, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இக்கரையில் குறித்த முனைகளில் ஒன்று கோடியக்கரையே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நமக்கு அதைவிட நெருக்கமான சான்று சுந்தரமூர்த்தி நாயனார். சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டை (வேதாரண்யத்தை) வணங்கிவிட்டு இங்கு வந்தவர், கடற்காற்று வீசும் காட்டோரத்தில் துணையின்றி வீற்றிருக்கும் கோடிக்குழகரைக் கண்டு மனம் நொந்து பாடினார். காடும் கடலும் காற்றும் சூழ்ந்த தனியிடம் என்ற விவரம் அப்பதிகத்திலேயே கிடைத்துவிடுகிறது. பின்னால் வந்த அளவையாளர் எவரும் அதை மறுக்கவில்லை.

நிலத்தின் வயதையும் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை வரை மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. கடல் பின்வாங்கப் பின்வாங்கப் புதிய மேடு உண்டாயிற்று. உள்நாட்டு மேடுகள் சில ஆயிரம் ஆண்டு மூத்தவை, கடலோர மேடுகள் இளையவை என்று புவியியலாளர் கண்டிருக்கின்றனர். கருப்பம்புலம், குரவப்புலம், ஆயக்காரன்புலம் என்ற ஊர்களைத் தாளில் தேடிப் பார்த்தால், குடியிருப்புகள் மேட்டின் போக்கிலேயே நீளமாகப் படுத்திருப்பது தெரியும். மேட்டில் வீடு, பள்ளத்தில் நெல். நல்ல தண்ணீர் மணலின் கீழேதான் கிடைக்கும் என்று அறிந்த முன்னோர் வகுத்த அமைப்பு அது. படம் வரைந்தவர்கள் அதை அப்படியே பதிவு செய்தார்கள்.

நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரர் பிடித்தனர்; 1781இல் ஆங்கிலேயர் கைக்கு அது மாறியது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பியர் வரைந்தவை பெரும்பாலும் கடல் படங்கள். கரையின் வடிவும் கடலின் ஆழமும் அவற்றில் உண்டு. கரைக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றி அவை அக்கறை கொள்ளவில்லை. 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக ஜேம்ஸ் ரென்னல் அமர்த்தப்பட்டார். இந்திய நில அளவைத் துறை தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது அந்த ஆண்டைத்தான்.

நம் கரைக்கு முறையான அளவை கொண்டுவந்தவர் மைக்கேல் டாப்பிங். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானியலாளராகவும் கடல் அளவையாளராகவும் இருந்தவர். 1790களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பாக் நீரிணை வரை, கரையோரமாக ஏறக்குறைய 300 மைல் நீளத்துக்கு முக்கோணத் தொடர் ஒன்றை அவர் அளந்தார். நம் முனையைச் சுற்றாமல் எவரும் பாக் நீரிணைக்குள் திரும்ப இயலாது. ஆகவே கோடியக்கரை கணக்குப்படி வரைபடத்தில் ஏறிய காலம் அதுவே என்று கொள்ளலாம். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் அவர் முயற்சியின் பயன். 1794 மே மாதம் அதை ஒட்டி ஒரு நில அளவைப் பள்ளியும் தொடங்கியது. சிறுவர்களைச் சேர்த்துக் கணக்கும் கோண அளவையும் கற்றுத்தந்த அந்தப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்கிய மிகப் பழைய தொழில்நுட்பப் பள்ளிகளில் ஒன்று என்று அதன் மாணவர்கள் பெருமைப்படுவார்கள். அதன் வேர் நம் கடற்கரையை அளந்த வேலையில் இருக்கிறது என்பதை நாமும் பெருமையோடு சேர்த்துச் சொல்லலாம். டாப்பிங் 1796இல் மசூலிப்பட்டினத்தில் காலமானார்.

1799இல் இரண்டாம் சரபோஜி மன்னரோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் சென்றது. வரி வாங்க வேண்டுமானால் நிலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைக்கு வந்தார். மைசூர் நாட்டில் மலையுச்சிக்கு மலையுச்சி பார்த்துக் கோணம் எடுத்தவருக்கு நம் படுகை பெரிய சோதனையாக இருந்தது. மேடு என்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தென்னை, பனை, மூங்கில். கோணம் எடுக்க உயரமான இடம் வேண்டுமென்றால் கோயில் கோபுரம் ஒன்றே வழி. எனவே படுகை முழுவதிலும் கோபுரங்களே அவருடைய அளவை நிலையங்களாயின.

அவருடைய கோணமானி லண்டனில் வில்லியம் கேரி செய்தது. மூன்றடி விட்டமுள்ள வட்டம், ஏறக்குறைய அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலில் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பிய கதை பலரும் அறிந்ததே. அப்படித் தப்பி வந்த கருவிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆபத்து காத்திருந்தது. விமானத்தின் மேல் கயிறு கட்டி இழுக்கும்போது, சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்துவிட்டது. பெட்டியோடு கருவி கல்லில் மோதி, பித்தளை வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு வருடம் காத்திருப்பார். லாம்டன் கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். தட்டையான பெரிய பலகையில், வட்டம் முன்பு இருந்த அளவுக்கே ஒரு வட்டம் வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு கோணலான விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து, அந்த வட்டத்தோடு பொருந்தும்படி செய்தார். ஆறு வாரத்தில் கருவி பழையபடி வேலைக்கு வந்தது. நம் படுகையின் முக்கோணங்கள் பல அப்படிச் செப்பனிட்ட கருவியால் கிடைத்தவை. லாம்டன் 1823இல், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பயணத்தின் நடுவிலேயே உயிர் நீத்தார்.

ஆங்கிலேயர் பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. 1810இல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளராகவும், 1815இல் இந்தியா முழுமைக்கும் அப்பதவியிலும் அமர்ந்த காலின் மெக்கன்சி ஊர் ஊராகக் கைபீது என்னும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் சுவடிகளும் திரட்டியவர். அந்தத் திரட்டின் பெரும் பகுதி காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா முதலியோரின் உழைப்பு. லாம்டனின் கோணமானியைப் பின்னாளில் பழுதுபார்த்து உயிர்கொடுத்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மொஹ்சின் உசேன். துறையின் கருவி செய்பவர் என்ற பதவிக்கே உயர்ந்தார். கொடி பிடித்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், கோபுரத்தில் கயிறு இழுத்தவர்கள், இரவில் விளக்கேற்றி நின்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் அறிக்கைகளில் இல்லை. காட்டுக் காய்ச்சலில் மடிந்தோர் எத்தனையோ பேர். கிராமங்களில் வழிகாட்டிய தலையாரியும் வெட்டியானும் அந்த வரிசையில் சேர்ந்தவர்களே.

1827இல் கம்பெனி இந்திய நிலப்படத் தொகுப்பு என்ற பெரும் வெளியீட்டைத் தொடங்கியது. நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்கள் அவை. இவற்றைப் பயன்படுத்த விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. இத்தொகுப்பின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தை ஆதாரமாகக் கொண்டவை. அந்த ஆதாரத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட மதிப்பு, பிற்காலத் திருத்தத்தோடு ஒப்பிட்டால் இரண்டரைக் கலை (மினிட்) அளவுக்குக் கிழக்கே தள்ளி இருந்தது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். பழைய தாளை இன்றைய கைப்பேசிப் படத்தின் மேல் அப்படியே பொருத்தினால் கோடிக்குழகர் கோயில் கடலுக்குள் போய்விடும். கடல் கோயிலை விழுங்கிவிட்டது என்று அவசரப்பட்டுக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்; திருத்தத்தைச் செய்துவிட்டுப் பாருங்கள்.

1858இல் சென்னை மாகாணம் வருவாய் அளவைக்கென்று தனித் துறை அமைத்தது. முக்கோண அளவை ஊரின் இடத்தைச் சொன்னது. வருவாய் அளவை ஊருக்குள்ளேயே நுழைந்தது. ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் கிராம வரைபடம் வரைந்தார்கள். 66 அடி நீளமும் நூறு கண்ணியும் கொண்ட சங்கிலியால் ஒவ்வொரு புலத்தையும் அளந்து, மூலைக்கு மூலை கல் நட்டார்கள். பழைய பைமாசு அளவைக் கணக்கில் இருந்த நிலங்களுக்கு இன்றைய முறையிலான சர்வே எண் வந்தது இதன் பிறகே. கிராம வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, களம், கோயில், சுடுகாடு, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஊரின் அன்றாடம் முழுவதும் அதில் அடங்கியிருக்கும். காணாமற்போன குளத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய தாளில் வளைந்து ஓடும் ஒரு புல எல்லை, இன்று நேரான வரப்பாக இருந்தால், அந்த வளைவில் ஒரு காலத்தில் வாய்க்காலோ கரையோ இருந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கால்வாய் வெட்டினார்கள். 1863இல் தொடங்கி 1867இல் முடிந்த இந்த வேலை, முக்கியமாக உப்பை ஏற்றிச் செல்வதற்கு. கடற்கரைக்கு இணையாகத் தாளில் ஓடும் நீலக் கோட்டைக் கண்டு ஆறு என்று எண்ணுவோர் உண்டு. ஆறு கடலை நோக்கி ஓடும். இது கரையோடு போகிறது. மண் சுமந்து வெட்டியவர்கள் நம் தாலுகாவின் உழைப்பாளிகள்.

1880களில் இன்னொரு பதிவு. நில அளவைத் துறை நாகப்பட்டினத்தில் ஓதமானி ஒன்றை வைத்திருந்தது. கடல் ஏறுவதையும் இறங்குவதையும் காகிதத்தில் தானே கோடாக எழுதும் கருவி அது. 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கு அருகே கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகளை அந்தக் கருவி பதிவு செய்தது. இரண்டடிக்கும் குறைவான உயரம். கரையில் நின்றவர் கவனித்திருக்கவும் மாட்டார். தொலைவில் கடலடியில் நடப்பது நம் கரைக்கு வந்து சேரும் என்பதற்கு எழுத்தில் உள்ள சான்று, 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்கு 121 ஆண்டு முன்பே, நம் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறது.

1894இல் மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது. தஞ்சை ஜில்லா போர்டு தன் வரிப்பணத்தில் போட்ட பாதை. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் போட்டது இதுவே முதல். திருத்துறைப்பூண்டியிலிருந்து கிளை பிரிந்து வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி என்று நீண்டு, பின்னர் கோடியக்கரைக்கே வந்து சேர்ந்தது. ஊர்க் கோடிக்கு வந்த தண்டவாளத்துக்கு அப்பால் கடல்தான். மீனும் உப்பும் கருவாடும் அதில் போயின. அமாவாசை தீர்த்தமாட வருவோர் அதில் வந்தனர்.

1905இல் நில அளவைத் துறை புதிய திட்டம் ஒன்றை மேற்கொண்டது. நாடு முழுவதையும் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், வண்ணத்தில் மீண்டும் வரைவது. இக்கட்டுரையின் தலைப்பில் உள்ள எண் இத்திட்டத்தின் வரிசையில் வருவது. அதைப் பிரித்துச் சொல்வது மாணவர்களுக்கு உதவும். நாலு பாகை நீளமும் நாலு பாகை அகலமும் கொண்ட பெருங்கட்டங்களாக நாட்டைப் பிரித்து எண் கொடுத்தார்கள். நாம் 58இல் இருக்கிறோம். அதை ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு எழுத்து வைத்தார்கள். தஞ்சைப் படுகையின் பெரும் பகுதி என் (N) எழுத்தில் விழுகிறது. அந்தக் கட்டத்தை மறுபடியும் பதினாறாக வகுத்தால், நாகப்பட்டினம் 13, திருத்துறைப்பூண்டி 10, வேதாரண்யமும் நாமும் 15.

அந்தத் தாளின் முன்னால் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும். பாதைகளும் குடியிருப்புகளும் சிவப்பு, நீர் நீலம், காடு பச்சை, சாகுபடி மஞ்சள். உயரத்தைக் காட்டும் பழுப்புச் சமவுயரக் கோட்டை மட்டும் நம் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. காரணம் எளிது. அங்குலத் தாளில் 50 அடிக்கு ஒரு கோடு. நம் ஊரின் மிக உயர்ந்த இடமான ராமர் பாதமே நாலு மீட்டர்தான். ஸ்ரீராமர் நின்று இலங்கையைப் பார்த்த மேடு என்று நாம் போற்றும் இடம், அளவையாளரின் சட்டத்தின்படி ஒரு கோட்டுக்கும் போதவில்லை. வேதாரண்யத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் தாளில் ஆறேழு அங்குலம். மேற்கே முத்துப்பேட்டை வரை விரியும் சதுப்பு, நீலக் கீற்றுகளாக. மழைக்கு ஏரி, கோடைக்கு வெடித்த களர் என்று பருவத்துக்குப் பருவம் மாறும் நிலத்தை ஒரே நிறத்தில் எப்படிக் காட்டுவது? வரைந்தவர் திணறியிருப்பது தெரிகிறது. ஐப்பசி தொடங்கி மாசி வரை பிற ஊர் மீனவர் வந்து கரையில் போடும் வாடிகளும் தாளில் வராது. அளவையாளர் வந்தது கோடையில். வாடி இருப்பது பனியில்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேர் அளவிலான தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார். இந்தப் பயணத்தைத் தாளில் விரலால் தொடரலாம். திருச்சி 58 ஜே தாளில் இருக்கிறது. தஞ்சாவூருக்கு முன்பே என் தாளுக்குள் வந்துவிட்டால், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் எல்லாம் அந்த ஒரே தாள். காவிரியின் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, நெல்வயலிலிருந்து உப்பளத்துக்கு வரும் வழி அது. தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவார் என்று ஆணையிட்டிருந்தார். ஆனாலும் ஊர்தோறும் மரக்கிளையிலும் வேலியோரத்திலும் சோற்றுப் பொட்டலம் தொங்கியது. ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தனர். 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார் ராஜாஜி. முன்னின்று ஏற்பாடு செய்த வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார், உடைமை இழந்தார். மக்கள் அவரைச் சர்தார் என்று அழைத்தார்கள். நில அளவைத் தாளில் உப்பளம் என்று எழுதிய இடம், நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது அந்த வாரத்தில்.

சர்தார் 1946இல் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிப் படிப்புக்கு ஏங்க வேண்டியிராத நிலை அதனால் வந்தது. 1952 நவம்பர் இறுதியில் நாகைப் பக்கம் வீசிய பெரும்புயல் தோப்புகளைச் சாய்த்தது. அதே ஆண்டுகளில் கல்கி வார இதழில் வந்துகொண்டிருந்த பொன்னியின் செல்வனால் கோடியக்கரையின் பெயர் தமிழர் வீடுகளுக்கெல்லாம் சென்றது. அக்கதையில் வரும் பூங்குழலியின் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு இன்றும் வருகிறார்கள். நாமும் சலிக்காமல் வழி சொல்கிறோம்.

1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. அங்குலமும் மைலும் விடைபெற்றன. தாள்கள் 1:50,000 என்ற அளவுக்கு மாறின. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டிய தாள் என்பதால் நம் தாள் நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தது. சொந்த ஊரின் படத்தைப் பார்க்க மனுப் போட வேண்டிய காலம் அது. ஆனால் 1950களில் இந்தியத் தாள்களை ஆதாரமாக வைத்து அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட யு502 வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நம் கரையை நாம் காண அமெரிக்கா வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்ததை எண்ணிச் சிரித்துக்கொள்ளலாம்.

1967இல் கோடியக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. வெளிமானைக் காப்பது முதல் நோக்கம். பறவையியல் அறிஞர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு, அவை போகும் தூரத்தைக் கணக்கிட்டார்கள். தாளில் வெறும் பச்சைத் திட்டாக இருந்த காடு, பாலை மரமும் நாவலும் அடர்ந்த வறண்ட பசுமைமாறாக் காடு என்று உலகுக்குத் தெரிய வந்தது. பாலைப்பழம் பொறுக்கித் தின்று வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் புதிது, காடு பழையது.

1980இல் கர்ணம், மணியம் முதலிய பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிந்தன. கணக்குப் பெட்டிகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. அதே காலத்தில், நிலப் பதிவேடுகளைச் சீராக்கும் யுடிஆர் திட்டம் பட்டாக்களைப் புதுப்பித்தது. 1991இல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எனவே ஒரே நிலத்தின் பதிவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரில் தேட நேரும்: திருத்துறைப்பூண்டி தாலுகா, வேதாரண்யம் தாலுகா, தஞ்சை ஜில்லா, நாகை மாவட்டம்.

2002இல் நம் சரணாலயம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் இது. இரண்டே ஆண்டில், 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சோழர் காலத்தது என்று நாம் சொல்லிவந்த பழைய கலங்கரை விளக்கம் அன்று இடிந்தது. மணல்மேடு எங்கெல்லாம் குலையாமல் இருந்ததோ அங்கெல்லாம் தண்ணீரின் வேகம் தணிந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய தாளில் மேடு காட்டிய இடங்களையும் அன்று தப்பிய குடியிருப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நம் இளைஞர்களுக்குக் காத்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. தென்னையும் மாவும் வேரோடு விழுந்தன. காட்டில் வெளிமான்கள் மடிந்தன. மீண்டும் நட்டோம், மீண்டும் கடலுக்குப் போனோம்.

தாள்களின் கதவு இதற்கிடையே திறந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒன்றும் பொதுமக்களுக்கு ஒன்றுமாக இரு வரிசைகளை வகுத்தது. துறையின் 250ஆம் ஆண்டான 2017இல் பொதுவரிசைத் தாள்கள் நக்ஷே என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தன. 2021இல் வரைபடத் தரவு குறித்த கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. 2023 ஏப்ரலில், அகலப் பாதையாக மாறிய திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில்பாதை 37 கிலோமீட்டரும் திறக்கப்பட்டது. கோடியக்கரை வரை முன்பு நீண்ட துண்டு மட்டும் பழைய தாளில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அகஸ்தியம்பள்ளியிலிருந்து தெற்கே நடந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று தாளே சொல்லும்.

கிராம வரைபடமும் புலப்படமும் வேண்டுவோர் வேதாரண்யம் தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம். மூலப் பிரதிகள் சென்னை சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகத்தின் பொறுப்பு. பழைய நிலவரித் திட்ட அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வீட்டில் பழைய பட்டாவோ, கிரயப் பத்திரமோ, கர்ணம் காலத்துக் கணக்குத் தாளோ வைத்திருப்போர் மலர்க் குழுவினரிடம் காட்டினால் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவார்கள். தாளில் பெயரில்லாமல் கிடக்கும் குளம், ஓடை, திடல், மேடு ஆகியவற்றுக்கு ஊரில் வழங்கும் பெயர் தெரிந்த பெரியவர்கள் அவற்றைச் சொல்லியருள வேண்டும். சித்தர்கட்டம் முதல் முனை வரை உள்ள பெயர்கள் ஓரளவு சேர்ந்துவிட்டன; சதுப்பின் மேற்குப் பக்கத்துப் பெயர்கள்தான் இன்னும் வர வேண்டும்.